இந்தியா, சீனா பெண்கல்விக் கணிப்பு: எந்த வயதை எதனோடு ஒப்பிடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண்கல்வியில் இந்தியா சீனாவை எப்போது எட்டும் என்று, 2100 வரை நீளும் கோடுகளை நாட்டுக்கு ஒன்றாகப் போட்டு வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். கோடுகளில் தப்பில்லை. 15 வயதுக்கு மேற்பட்ட அத்தனை பெண்களையும் படித்த ஆண்டுகளின் ஒரே சராசரியில் அடைத்ததுதான் கோளாறு. அந்தச் சராசரியில் படிப்போடு வயதும் கலந்துவிடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரு நாடுகளிலும் இளம்பெண்கள் 12 ஆண்டும் மூத்த பெண்கள் 6 ஆண்டும் படித்தவர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாட்டில் இளையவர்கள் 30 சதவீதம், இன்னொன்றில் 50. சராசரி முறையே 7.8, 9.0 என்று வரும். பள்ளிக்கூடங்களில் எள்ளளவும் வேறுபாடு இல்லாமலே 1.2 ஆண்டு இடைவெளி! சீனாவில் 2016இல் ஒன்றேமுக்கால் கோடிக்கு மேல் குழந்தைகள் பிறந்தன. 2023இல் அது சுமார் 90 லட்சம். படித்து வரும் தலைமுறை இப்படிச் சிறுத்தால், பள்ளி வாசலைப் பார்க்காத பாட்டிமார் அந்நாட்டுச் சராசரியை இன்னும் பல ஆண்டுகள் கீழே இழுப்பார்கள். இந்தியா இளைய நாடு என்பதால் இங்கே சராசரி சீக்கிரம் ஏறும். 'நெருங்கிவிட்டோம்' என்று கட்டுரை மகிழ்வதில் ஒரு பங்கு இதனால் வந்தது. கல்விக் கொள்கையை எடைபோட, அண்மையில் படிப்பை முடித்த 25–29 வயதுப் பெண்களைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும்.

இத்தகைய கணிப்பு எப்படிப் போடப்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஓர் அடிப்படை ஆண்டில் மக்களை ஐந்தாண்டு வயதுப் பிரிவு, பால், கல்விநிலை என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் ஐந்தைந்து ஆண்டாக முன்னே தள்ளுகிறார்கள். இறப்பு விகிதமும் பிள்ளைப்பேறும் படிப்புக்கேற்ப மாறும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) பள்ளிக்கே போகாத பெண்களின் மொத்தக் கருவள விகிதம் (ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள்) 2.8, 12 ஆண்டும் அதற்கு மேலும் படித்தவர்களுக்கு 1.8. முப்பதைத் தாண்டியவரின் கல்விநிலை பெரும்பாலும் மாறுவதில்லை. ஆகவே 2050இல் ஐம்பது வயதைக் கடந்திருக்கும் பெண்களின் படிப்பு இன்றைக்கே ஏறத்தாழ முடிந்துபோன விஷயம். 2100 அப்படியல்ல. அன்று 75 வயதுக்குக் குறைவாக இருக்கப்போகும் எல்லோரும் 2025க்குப் பிறகு பிறந்தவர்கள்; அவர்களைப் பற்றிய எண் முழுக்க அனுமானம். இரண்டையும் ஒரே தடிமனில் கோடாக வரைந்தால் வாசகர் ஏமாறுவார்.

அனுமானம் எது என்பதும் முக்கியம். வியன்னாவின் மக்கள்தொகை ஆய்வு நிறுவனமான விட்கென்ஸ்டைன் மையம் வெளியிடும் கணிப்புகளில் எஸ்.எஸ்.பி. எனப்படும் எதிர்காலப் பாதைகள் பல உண்டு. எஸ்.எஸ்.பி. 2 நடுப்பாதை, எஸ்.எஸ்.பி. 3 கல்வி வளர்ச்சி தேங்கிப்போகும் பாதை. ஒரு நாட்டுக்கு ஒன்றும் மற்றதற்கு வேறொன்றும் எடுக்கக் கூடாது. பதிப்பையும் பாருங்கள்: 2014ஆம் ஆண்டுப் பதிப்பின் அடிப்படை ஆண்டு 2010, 2018க்கு 2015, 2023க்கு 2020. பழைய பதிப்பின் இந்தியாவையும் புதிய பதிப்பின் சீனாவையும் ஒரே படத்தில் ஒட்டினால் கதை கந்தல்.

கல்விப் படிநிலைகளும் இரு நாட்டிலும் ஒன்றல்ல. யுனெஸ்கோவின் பன்னாட்டுக் கல்வி வகைப்பாட்டில் 'கீழ் இடைநிலை' என்பது இந்தியாவில் எட்டாம் வகுப்போடு முடிகிறது; சீனாவில் ஒன்பதாம் ஆண்டோடு. இந்தியக் கணக்கெடுப்பில் 'கல்விநிலை இல்லாத எழுத்தறிவு பெற்றவர்கள்' (எழுதப் படிக்கத் தெரிந்தும் எந்தக் கல்விநிலையிலும் சேராதவர்கள்) என்று ஒரு பிரிவே உண்டு. அவர்களைப் பூஜ்யத்தில் வைப்பதா, தொடக்கக்கல்வி முடிக்காதவரோடு சேர்ப்பதா என்பதைப் பொறுத்து முதிய பெண்களின் சராசரி ஆடும். இன்னொரு பொறி வயது வரம்பு. சீனா 2020 கணக்கெடுப்பில் அறிவித்த 9.91 ஆண்டு, 15 வயதுக்கு மேற்பட்ட ஆண், பெண் எல்லோருக்குமானது. நம் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று சொல்லும் '10 ஆண்டும் அதற்கு மேலும் படித்த பெண்கள் 41 சதவீதம்' என்பது 15–49 வயதுப் பெண்களுக்கு. அதில் இன்னும் பத்தாம் வகுப்பையே எட்டாத 15 வயதுச் சிறுமியும் அடக்கம். இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

இந்தியாவை ஒற்றை அலகாக எடுப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. 2011இல் பெண் எழுத்தறிவு கேரளத்தில் 92 சதவீதம், பீகாரில் 51 சொச்சம். மாநிலவாரியாகக் கணித்துக் கூட்டினால் வரும் விடை வேறு.

நம் பக்கம் அடித்தளமும் பழசு. கடைசியாகக் கிடைத்த முழுக் கணக்கெடுப்பு 2011. 2021இல் நடக்க வேண்டியது 2027க்குப் போய்விட்டது. இடைப்பட்ட காலத்துக்குக் குடும்பநல ஆய்வுதான் துணை. அதில் 49 வயதைத் தாண்டிய பெண்கள் வேண்டுமென்றால் பெண்களுக்கான வினாத்தாளை விட்டுவிட்டுக் குடும்ப உறுப்பினர் பட்டியலைப் பிரித்து எடுக்க வேண்டும். பலர் அதைச் செய்வதில்லை.

புதிய கணக்கெடுப்பின் சி–8 அட்டவணை (வயது, பால், கல்விநிலை) வந்ததும் பழைய கணிப்புகளைச் சோதிக்கலாம். ஒரே ஆண்டுகளில் பிறந்த பெண்களைப் பின்தொடர்ந்து, 2011இல் பத்தாம் வகுப்பு முடித்தவர்களின் பங்கையும் 2027இன் பங்கையும் ஒப்பிட வேண்டும். முப்பதைத் தாண்டியவர்களிடம் அது கணிசமாக உயர்ந்திருந்தால், படித்தவர்கள் கூடுதல் காலம் வாழ்வதைக் கழித்த பிறகும் மிஞ்சுவது, யாரோ படிப்பைக் கூட்டிச் சொன்னதால் இருக்கலாம். ஒரு சிக்கல்: இடைவெளி 16 ஆண்டு. 2011இன் 30–34 வயதினர் 2027இல் 46–50 ஆவார்கள். ஐந்தாண்டுப் பிரிவுகள் பொருந்தாது. வயதைக் கேட்டால் 'ஐம்பது' என்று முழு எண்ணாகச் சொல்லும் பழக்கமும் நம் ஊரில் உண்டு. ஒவ்வொரு வயதுக்கும் தனித்தனியான தரவை வாங்கி, இப்படி முழு எண்களில் குவிவதைச் சமன்செய்த பிறகே ஒப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
மக்கள்தொகைப் புள்ளியியல் வாசகர்,
மதுரை