சென்னையின் ஸ்போக்கன் இங்கிலீஷ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வேலை தேடும் பிள்ளைகளுக்குப் பெரம்பூரில் மாலை நேரத்தில் மாதிரி நேர்காணல் நடத்துகிறேன். பலர் உங்களைப் போன்றவர்களிடம் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். பன்னிரண்டு டென்ஸுக்கும் ஃபார்முலாவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். நேற்று என்ன செய்தாய் என்று கேட்டால் திணறுவார்கள். கோளாறு பிள்ளைகளிடம் இல்லை, போர்டில் எழுதிப்போடும் தமிழ் அர்த்தத்தில் இருக்கிறது.

‘வந்திருக்கிறார்’ என்றால் ‘ஹேஸ் கம்’ என்கிறீர்கள். சரி. ஊருக்குப் போய்விட்டு வருகிறோம், கேட்டுக்குள் ஒரு கூரியர் கவர் கிடக்கிறது. “நேத்தே கூரியர்காரர் வந்திருக்கார்” என்போம். ஆளைப் பார்க்கவில்லை, கவரை வைத்து ஊகிக்கிறோம். தமிழில் அதற்கு அந்த ‘இருக்கார்’ வேண்டும். ஆங்கிலத்திலோ ‘யெஸ்டர்டே’ என்று நாளைச் சொல்லிவிட்டால் ‘ஹேஸ் கம்’ செல்லாது, ‘கேம்’தான். போர்டை நம்பிய பிள்ளை ‘ஹி ஹேஸ் கம் யெஸ்டர்டே’ என்கிறது.

‘போயிருந்தேன்’ இதைவிடச் சிக்கல். “நேத்து தி.நகர் போயிருந்தேன், என்னா கூட்டம்!” போனேன், திரும்பிவிட்டேன், அவ்வளவுதான். பிள்ளைகள் இதை ‘ஐ ஹேட் கான்’ ஆக்குகிறார்கள். ‘ஹேட் கான்’ என்றால் அதற்குப் பிறகு நடந்த இன்னொன்றும் பேச்சில் இருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், “நான் போறதுக்குள்ள கடையைச் சாத்திட்டாங்க” என்கிறோமே, அங்கே ‘இருந்தார்கள்’ எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சாத்தியதற்குத்தான் ‘ஹேட் க்ளோஸ்டு’ கச்சிதமாகப் பொருந்தும். இந்த ஒரு வாக்கியத்தை விளக்கினால் பாதி குழப்பம் தீரும்.

அப்புறம், “பத்து வருஷமா அம்பத்தூர்ல இருக்கேன்.” நமக்கு நிகழ்காலமே போதும். அதனால்தான் ‘ஐ ஆம் லிவிங் சின்ஸ் டென் இயர்ஸ்’ வருகிறது. ‘ஹேவ் பீன் லிவிங் ஃபார் டென் இயர்ஸ்’ என்று வாயில் பழக்குங்கள். ‘சின்ஸ்’ தொடங்கிய ஆண்டுக்கு: சின்ஸ் 2015.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பீர்கள். ‘வில் ஹேவ் பீன் டூயிங்’குக்கு ஒரு முழு வகுப்பை ஒதுக்குகிறீர்களே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். கோயம்பேட்டில் பஸ்ஸுக்கு நிற்பவர் யார் அப்படிப் பேசப்போகிறார்?

முதல் வாரத்திலேயே, பிள்ளைகள் வீட்டில் பேசும் தமிழ் வாக்கியங்களைப் போர்டில் எழுதவையுங்கள். எங்கே இரண்டு மொழியும் சேர்ந்து போகின்றன, எங்கே பிரிகின்றன என்று அவர்களே கோடு போடட்டும். தமிழில் பேசினால் பத்து ரூபாய் அபராதம் என்று சில வகுப்புகளில் உண்டியல் வைத்திருக்கிறார்களாம். அந்த வாரமாவது அதை உள்ளே எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
பெரம்பூரிலிருந்து ஒரு நேர்காணல் பயிற்சியாளர்