ஸ்கோப் திருகுகளில் தவறான வலுவுள்ள திரெட்லாக்கர் பூசியது குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
டோங்காட், குவாசூலு-நட்டால், தென்னாப்பிரிக்கா.

பெறுநர்:
உரிமையாளர் அவர்கள்,
துப்பாக்கி விற்பனை மற்றும் பழுதுபார்ப்பு நிலையம்,
டர்பன்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் ரைஃபிளின் ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை)ப் பொருத்தியபோது தவறான வலுவுள்ள திரெட்லாக்கர், அதாவது திருகு தளராமல் மரையில் பூசும் பசை, இடப்பட்டது குறித்துத் தங்கள் பணிமனை மேலாளருக்கு ஆங்கிலத்தில் இருமுறை எழுதிவிட்டேன். இரண்டு முறையும், திருகு அசையவில்லை என்றால் வேலை நன்றாக நடந்திருக்கிறது என்றுதானே பொருள் என்ற பதிலே வந்தது. தாங்கள் தமிழ் வாசிப்பவர் என்பதை அறிவேன். ஆகவே நடந்ததைத் தங்கள் பார்வைக்கே நேரடியாக வைக்கிறேன்.

ஜூன் மாதத் தொடக்கத்தில் என் .308 ரைஃபிளுக்கு ஒரு ஸ்கோப், அதைப் பிடிக்கும் அலுமினிய வளையங்கள், வளையங்களைத் துப்பாக்கியோடு இணைக்கும் எஃகு அடிப்பட்டை ஆகியவற்றைத் தங்கள் கடையில் வாங்கி, பொருத்துகூலியும் சேர்த்து 14,600 ரேண்ட் செலுத்தினேன். வேலைச்சீட்டில் ‘பொருத்தி, பசையிட்டு முறுக்கப்பட்டது’ என்று ஒரே வரி இருந்தது. எந்தத் திருகுக்கு எந்தப் பசை என்றோ, எவ்வளவு முறுக்கினார்கள் என்றோ அதில் இல்லை. துப்பாக்கி நாற்பது நிமிடத்தில் என் கைக்கு வந்துவிட்டது. அடுத்த வாரம் சுடுதளத்தில் 100 மீட்டரில் ஐந்து குண்டுகளும் நான்கு சென்டிமீட்டருக்குள் விழுந்தபோது நான் மகிழ்ந்தேன் என்பதை மறைக்கவில்லை.

இம்பாலா வேட்டைக்காக வடக்கே ஒரு பண்ணைக்குப் போனபோதுதான் வினை தொடங்கியது. அறுபது கிலோமீட்டர் மண்பாதையில் பக்கி (பிக்அப்) வண்டி குலுங்கிச் சென்றபின் சரிபார்த்துச் சுட்டதில் குண்டுகள் பதினைந்து சென்டிமீட்டருக்குச் சிதறின. அடிப்பட்டையின் திருகுகள் தளர்ந்திருக்கும் என்று ஊகித்தேன். அவற்றைத் தொடவேண்டுமானால் முதலில் ஸ்கோப்பைக் கழற்ற வேண்டும். ஆனால் வளையத் திருகுகள் எட்டில் ஒன்றுகூட அசையவில்லை. சரியான டி15 டார்க்ஸ் (நட்சத்திர வடிவ) முனையைப் போட்டு முயன்றும் ஒன்றின் தலை வழுக்கி உருண்டையாகிப் போனது. அந்தப் பருவத்து வேட்டை அங்கேயே முடிந்தது.

துப்பாக்கியைத் தங்களிடம் திரும்பக் கொண்டுவந்தபோது, தங்கள் பணியாளர் என் கண்ணெதிரே எரிவாயுச் சுடர்விளக்கை (ப்ளோ டார்ச்) நேராக வளையத்தின் மேல் பிடித்தார். நிறுத்தச் சொன்னேன், ‘சிவப்புப் பசை, சூடு இல்லாமல் வராது’ என்றார். அவர் சொன்னது உண்மைதான். என் புகாரும் அதுவேதான். இறுதியில் இரண்டு திருகுகளின் தலைகளைத் துளையிட்டு எடுக்க வேண்டியதாயிற்று. ஸ்கோப்பின் குழாயில் கருமை படிந்தது. இரண்டு நாள் கழித்து, ஈரமான ஒரு காலையில், கண்ணாடியின் உட்புறம் மூடுபனி போட்டது. அடியில் இருந்த நான்கு அடிப்பட்டைத் திருகுகளைப் பார்த்தால், பசையின் சுவடே இல்லை. அவற்றில் இரண்டை விரலாலேயே திருப்ப முடிந்தது. ஸ்கோப்பை எடுக்காமல் எட்ட முடியாத, கழலவே கூடாத இடத்தில் பசை எதுவும் இல்லை. அவ்வப்போது கழற்ற வேண்டிய இடத்தில் ஆண்டவனே வந்தாலும் அசைக்க முடியாத பூட்டு. இதைத் தலைகீழான வேலை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

திரெட்லாக்கர் என்பது காற்றில் உலரும் கோந்து அல்ல. மரைகளுக்கிடையே காற்று அற்றுப்போய், உலோகத்தோடு தொடர்பு ஏற்படும்போது இறுகும் திரவம். அதன் வலு, திருகின் அளவுக்கும் அந்த இணைப்பை மீண்டும் திறக்க வேண்டுமா என்பதற்கும் ஏற்ப அமைய வேண்டும். பலரும் அறிந்த லாக்டைட் வரிசையை எடுத்துக்கொண்டால், ஊதாநிற 222 ஏறத்தாழ ஆறு மில்லிமீட்டர் வரையிலான சிறு திருகுகளுக்கு உரியது. நீலநிற 243 நடுத்தர வலுவுடையது, சாதாரணக் கருவியால் கழற்றலாம். சிவப்பான 271-ஐக் கழற்ற ஏறக்குறைய 250 பாகை செல்சியஸ் வரை சூடேற்றச் சொல்கிறார்கள். என் அடிப்பட்டையின் திருகு 6-48 வகை, அதாவது மூன்றரை மில்லிமீட்டர் விட்டமும் அங்குலத்துக்கு 48 மரைகளும் கொண்டது. இத்தனை மெல்லிய திருகில் சிவப்பைப் பூசினால், பசை விட்டுக்கொடுப்பதற்கு முன்னால் திருகின் தலைதான் போகும். அடிப்பட்டைத் திருகுக்கு எண்ணெயைத் துடைத்துவிட்டு ஒரு துளி ஊதா, அல்லது மிகக் குறைவாக நீலம். வளையத் திருகுக்கு ஊதா, இல்லையேல் ஒன்றுமே வேண்டாம், சரியான முறுக்கே போதும் என்பது என் எண்ணம். நிறத்தை நம்பி எடுக்கக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே நிற ஒழுங்கைப் பின்பற்றுவதில்லை. புட்டியிலுள்ள எண்ணைத்தான் படிக்க வேண்டும்.

சூட்டைப் பற்றி மேலாளர் ‘அலுமினியம் தாங்கும்’ என்று எழுதியிருக்கிறார். அலுமினியக் கலவை அந்தச் சூட்டில் தன் கடினத்தை இழக்கக்கூடியது என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஸ்கோப்பினுள் நைட்ரஜனை நிரப்பி, ரப்பர் வளையங்களால் அடைத்திருக்கிறார்கள். அவை தீச்சுவாலைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. சூடேற்றியே தீரவேண்டுமெனில், பற்றவைப்புக் கோலின் (சால்டரிங் அயர்ன்) முனையைத் திருகின் தலையில் வைத்து, சூடு மரைக்கு மட்டும் இறங்கும்படி செய்திருக்கலாம். இன்னும் ஒன்று: ஈரமான திரவம் உராய்வைக் குறைப்பதால், உலர்ந்த மரைக்குச் சொல்லப்பட்ட முறுக்களவை அப்படியே பிடித்தால் திருகு அளவுக்கு மீறி இழுபடும். பல வளையங்களுக்கு 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர் அளவே கேட்கப்படும்போது, தங்கள் பணியாளர் டார்க் ரெஞ்ச் (முறுக்களவு காட்டும் திருகுசாவி) எதையும் கையில் எடுத்ததை நான் பார்க்கவில்லை. பசை முழு வலு பெறச் சாதாரண வெப்பநிலையில் 24 மணி நேரம் ஆகும் என்றும் எவரும் சொல்லவில்லை.

2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு, சேவை தரமாகச் செய்யப்படவும், ஒப்படைத்த உடைமை குறைந்தது ஒப்படைத்தபோது இருந்த நிலையிலேனும் திரும்பி வரவும் எனக்கு உரிமை தருகிறது. குறையைத் திருத்தவோ விலையில் நியாயமான பங்கைத் திருப்பித் தரவோ கேட்கவும் அதே பிரிவு இடமளிக்கிறது. அதன்படி, பனி படிந்த ஸ்கோப்புக்குப் பதிலாக அதே வகையில் புதியதையும், சேதமான வளையங்களுக்கும் திருகுகளுக்கும் மாற்றையும், பொருத்துகூலியைத் திருப்பியும் தர வேண்டுகிறேன். என் உரிமத்திலுள்ள துப்பாக்கியை வேறொருவர் கையில் கொடுத்தனுப்ப முடியாததால் நானே மும்முறை டர்பனுக்கு வந்து சென்றேன். அந்த எரிபொருள் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மறுபடி பொருத்தும்போது, பசையின் எண்ணும் முறுக்களவும் வேலைச்சீட்டில் எழுதப்பட வேண்டும். அது இல்லாமல் நான் கையொப்பமிட மாட்டேன்.

இக்கடிதம் கிடைத்த பதினைந்து வேலை நாட்களுக்குள் எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால், நுகர்வோர் பொருள் மற்றும் சேவைக் குறைதீர்ப்பாளரிடம் இதை ஒப்படைப்பேன். துளையிட்டு எடுத்த இரண்டு திருகுத் தலைகளையும் மரைகளில் ஒட்டியிருந்த சிவப்புத் துகள்களோடு ஒரு சிறு டப்பாவில் பத்திரமாக வைத்திருக்கிறேன். தாங்கள் நேரில் பார்க்க விரும்பினால் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
டோங்காட்.