சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்ட் வேண்டாம்

அன்பு மகனுக்கு,

படங்கள் வந்தன. காரைக்குடிப் பக்கத்துப் பழைய செட்டிநாட்டு வீட்டை விடுதியாக மாற்றும் வேலை உன் கைக்கு வந்ததில் அம்மாவுக்கும் எனக்கும் பெருமை. முகப்பையும் தேக்குத் தூண்களையும் தொடமாட்டேன் என்று எழுதியிருந்தாய். நல்லது. ஆனால், உதிர்ந்த இடங்களைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசப்போவதாகச் சொன்னாயே, அதுதான் மனசை உறுத்துகிறது.

அந்தக் காலச் சுவர் தரை ஈரத்தை உறிஞ்சத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது. ஈரம் உள்ளேயே தங்கி இன்னும் மேலே ஏறும், உப்புப் பூக்கும், கடைசியில் பூச்சு செங்கலையும் பெயர்த்துக்கொண்டு விழும். கொத்து வேலை பார்த்த காலத்தில் அப்படிப் பாழான சுவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், தம்பி.

சுண்ணாம்பை நீற்றிச் சலித்து, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுப் புளிக்க வை. மெல்லிசாகப் பூசு. ஒன்று இறுகிய பிறகுதான் அடுத்தது. கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கூழாங்கல்லால் தேய்த்தால் கண்ணாடி மாதிரி மின்னும். காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்துத்தான் சுண்ணாம்பு இறுகும். அதை அவசரப்படுத்த முடியாது. முதலாளியிடம் இதை எடுத்துச் சொல்லி இப்போதே நாள் கேட்டு வாங்கிவிடு.

குளியலறை, ஏசி எல்லாம் வரட்டும், தங்க வருகிறவர்களுக்கு வேண்டும்தானே. குழாய்களைப் புதுச் சுவரில் கொண்டுபோ, பழைய சுவரை வெட்டாதே. முற்றத்தைக் கண்ணாடி போட்டு மூடச் சொன்னால் மட்டும் சம்மதிக்காதே. வீட்டுச் சூடு மேலே போகும் வழி அது. நாலு பக்க ஓட்டுச் சரிவிலும் விழும் மழை முற்றத்தில் இறங்கி, வடிகால் வழியே ஊருணிக்குப் போகும்படிதான் அந்த ஊர்களை அமைத்தார்கள். மழைநீர் சேகரிப்பை அரசு கட்டாயமாக்கியது 2003-ல்தான். நீ அந்த வடிகாலைத் தூர்வாரிக் கொடுத்தாலே போதும்.

என்னோடு வேலை பார்த்த பெரியவரிடம் பேசிவிட்டேன், வருவார். உன் ஆட்களில் இளவட்டங்கள் இரண்டு பேரை அவர் பக்கத்திலேயே நிறுத்து. அரவைப் பதம் தெரிந்தவர்கள் இந்தப் பக்கம் அதிகம் பேர் இல்லை. முதலில் பின்கட்டில் ஒரு மூலையில் பூசிப் பார்த்துப் படம் அனுப்பு.

அன்புடன்,
அப்பா