அந்த வழவழப்பைக் கழுவிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாலாறு என்றாலே நம் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவுப் பேச்சுதான். 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியும் அந்தப் பேச்சு ஓயவில்லை, ஓயவும் கூடாது. ஆனால் வீட்டுக் கழிவுநீரில் போகும் மருந்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. வங்காளம், அசாம் என்று எங்கிருந்தெல்லாமோ வைத்தியத்துக்கு வந்து தங்கும் ஊர் வேலூர். விழுங்கிய மாத்திரையில் ஒரு பங்கு சிறுநீரோடு வெளியேறிவிடும். லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில்தான் இருக்கும், ஆனால் தினமும் வந்துகொண்டே இருக்கும்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டியில், குறுக்குச் சட்டம் வைத்த சின்னச் சின்ன பிளாஸ்டிக் வளையங்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. ‘மீடியா’ என்பார்கள். அடியிலிருந்து காற்று ஊதுவதால் ஓயாமல் புரண்டுகொண்டிருக்கும். ஒன்றைக் கையில் எடுத்தால் உள்பக்கம் முழுக்கப் பழுப்பாக, குளத்துப் படியில் வழுக்கும் பாசிபோல ஏதோ அப்பியிருக்கும். சமீபத்தில் பராமரிப்புக்கு வந்தவர்கள் அதை அழுக்கு என்று நினைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு வெள்ளை வெளேரென்று கழுவி வைத்துவிட்டார்கள். குடியிருப்போர் சங்கத்தில் பாராட்டு வேறு! சில நாளில் நாற்றம் மாடி வரை ஏறிவிட்டது.

கழுவிப்போனது அழுக்கல்ல, வேலைக்காரப் படை. பாக்டீரியாக்கள் தாங்களே சுரக்கும் சர்க்கரையும் புரதமும் கலந்த பிசினுக்குள் கூட்டமாக ஒட்டி, ஒரு படலமாக வாழ்கின்றன. மேலடுக்கில் ஆக்சிஜன் கிடைக்கும், உள்ளே போகப்போகக் குறையும். அதனால் வெவ்வேறு வேலை தெரிந்தவை ஒரே படலத்தில் பிழைக்கின்றன. மெதுவாகப் பெருகும் இனங்கள், நீரோடு அடித்துச் செல்லப்படாமல் அங்கேயே தங்கிவிடுகின்றன. மருந்துக்கூறுகளை உடைப்பதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். (பிணந்தின்னிக் கழுகுகளைக் கொன்றதால் 2006-இல் கால்நடைகளுக்குத் தடை செய்தார்களே, அதே மருந்துதான்.) பாக்டீரியாக்களைச் சேறாக நீரில் மிதக்கவிடும் வழக்கமான முறையில் பெரும்பாலும் தப்பிவிடும் இந்த மருந்து, வளையப் படலத்தில் கூடுதலாகச் சிதைவதை ஐரோப்பிய ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

சரி, எல்லாவற்றுக்கும் இதுவே மருந்தா? இல்லை. வலிப்பு நோய்க்குத் தரும் கார்பமசெபைன் இதற்கும் மசிவதில்லை. இப்படி மசியாதவற்றுக்காகத்தான் சுவிட்சர்லாந்து 2016 முதல் பல சுத்திகரிப்பு நிலையங்களில் ஓசோனோ, மருந்தைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும் கிளர்வுற்ற கரியோ கூடுதலாகச் சேர்க்கச் சொல்லிவிட்டது. தோல் கழிவின் உப்பையும் படலம் எடுக்காது. குரோமியத்தைப் பிடித்து வைத்தாலும் அது சேற்றில்தான் போய்ச் சேரும். அந்தச் சேற்றை எங்கே கொட்டுகிறார்கள் என்பது தனிக்கதை.

நான் கேட்பது சின்ன விஷயம். பராமரிப்பு ஒப்பந்தத்தில் ‘மீடியாவைக் கழுவக் கூடாது’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். புதிதாகப் படலம் பிடித்துத் தேறப் பல வாரங்கள் ஆகும். குளோரின் போடுவதானால் படலத் தொட்டியைத் தாண்டிய நீருக்கு மட்டும் போடட்டும். அப்புறம், கழிப்பறையில் பிளீச்சிங்கையும் ஆசிட்டையும் வாளி வாளியாக ஊற்றும் வழக்கத்தையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காட்பாடி, வேலூர்.