மண்புழுவிலிருந்து நண்டு வரவில்லை: மதுரை மாவட்ட உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாவட்டப் பள்ளிகளில் உயிரியல் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

மேலூர் வட்டாரத்தில் பல ஆண்டுகள் விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். நண்டு, பூச்சி முதலிய கணுக்காலிகள் பாடத்தன்று ஒரு மாணவி, வயல் வரப்பில் கிடந்த நண்டுச் சட்டையை வாழையிலைத் துண்டில் பொதிந்து கொண்டுவந்தாள். ஊதினால் பறந்துவிடும் போலிருந்த அந்தக் கூட்டில் கொடுக்கு, கால் கணுக்கள், கண்காம்பின் உறை என எதுவும் குறையவில்லை. முதுகோட்டின் பின்விளிம்பில் மட்டும் நண்டு வெளியேறிய பிளவு தெரிந்தது. மண்புழு முதலிய வளைதசைப் புழுக்களிலிருந்து கணுக்காலிகள் தோன்றின, இரண்டையும் இணைப்பது புழு உடலும் குட்டைக் கால்களும் கொண்ட பெரிபேட்டஸ் என்று வழக்கம்போல் சொல்லி முடித்தேன். அவள் கேட்டாள்: "சார், மண்புழு சட்டை உரிக்குமா?" உரிக்காது என்றேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

அவள் கை வைத்த இடம் சரியான இடம் என்பதைப் பிற்பாடு படித்தே தெரிந்துகொண்டேன். 1997-இல் வெளியான மரபணு ஒப்பீட்டு ஆய்வு, கணுக்காலிகளை உருளைப்புழுக்கள் உள்ளிட்ட சட்டை உரிக்கும் விலங்குகளின் கூட்டத்தில் சேர்த்தது. மண்புழுவோ நத்தை, சிப்பிகளின் பக்கம் போயிற்று. பெரிபேட்டஸ் கணுக்காலிகளுக்கு நெருங்கிய உறவுதான், ஆனால் மண்புழுவுக்குப் பாலம் அன்று.

தொல்லுயிர் எச்சங்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகிறது. சீனாவின் யுன்னான் மாநிலத்துச் செங்ஜியாங்கில் சுமார் 51.8 கோடி ஆண்டுகளுக்கும், கனடாவின் பர்ஜஸ் ஷேலில் சுமார் 50.8 கோடி ஆண்டுகளுக்கும் முன் சேற்றில் புதைந்த உயிர்களின் மென்மையான உறுப்புகள்கூடப் பதிவாகியுள்ளன. அவற்றுள் கணுவில்லாத சதைக்கால்களோடு நடந்த லோபோபாடுகள் என்னும் புழு போன்ற விலங்குகள் உண்டு. அனோமலோகாரிஸ் என்னும் பழங்காலக் கடல் விலங்கின் கதையைத்தான் மாணவர்களுக்கு நிதானமாகச் சொல்ல வேண்டும். அதன் முன்கையை 1892-இல் இறால் போன்ற ஒரு தனி விலங்கின் உடல் என்று எண்ணிப் பெயரிட்டார்கள். அவ்வகை விலங்கின் வட்ட வாய் பின்னர் ஜெல்லிமீனாகக் கருதப்பட்டது. எல்லாம் ஒரே வகை விலங்கின் உறுப்புகள் என்பது 1980-களில்தான் விளங்கியது. அந்த முன்கையில் கணுக்கள் இருந்தன, உடலிலோ ஓடில்லை. ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவில் கிடைத்த அதன் கூட்டுக்கண் ஒன்றில் 16,000-க்கு மேற்பட்ட லென்ஸுகள் இருந்ததை 2011-இல் வெளியிட்டார்கள். கணுவும் கூட்டுக்கண்ணும் முதலில் வந்தன, உடல் முழுவதும் ஓடு போர்த்தது பிறகு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வகுப்பறைக்குக் கிடைக்காது. பர்ஜஸ் ஷேலில் மரெல்லா என்னும் சிறு கணுக்காலி, தன் பழைய சட்டையிலிருந்து பாதி வெளியேறிய நிலையிலேயே கல்லாகியிருக்கிறது. 2004-இல் அது அறிவிக்கப்பட்டது.

நம் பக்கத்தில் இவற்றைத் தேட முடியாது. யானைமலையும் சமணர்மலையும் நிலத்தின் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறைகள். ஏறத்தாழ கணுக்காலிகளின் முன்னோர் கடலடியில் ஊர்ந்த காலத்திலேயே மதுரைப் பகுதிப் பாறைகள் கடும் வெப்பத்துக்கு உள்ளாயின. டிரைலோபைட் என்னும் அழிந்துபோன கணுக்காலியின் எச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் இமாசலத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். கணுக்காலிகளை நடத்தும் நாளில் ஒரு நண்டுச் சட்டையை மேசைமேல் வையுங்கள். அதன் அருகே மரெல்லாவின் படத்தை அச்செடுத்து வையுங்கள். வளைதசைப் புழுக் கருத்தைப் பழைய கருத்து என்று பெயர் சொல்லியே அறிமுகப்படுத்துங்கள். பொதுத்தேர்வில் ஒரு மதிப்பெண் போய்விடுமோ என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. விடைத்தாளுக்கு எது, இன்றைய அறிவியலுக்கு எது என்று இரண்டையும் பிரித்துச் சொன்னால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர், மேலூர்