கிளவுடு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டேப்லெட்டில் இருப்பதை எங்கே பத்திரப்படுத்துவது என்று உங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எல்லாவற்றையும் கிளவுடில், அதாவது இணையம் வழியாக கூகுள் மாதிரி கம்பெனிகளின் கம்ப்யூட்டரில், ஏற்றிவிட்டு நிம்மதியாக இருங்கள், பென் டிரைவ் காலமெல்லாம் மலையேறிவிட்டது என்கிற ரீதியில் எழுதியிருந்தார்கள். வீட்டில் ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். ஏரலில் தையல்கடை நடத்துகிற எனக்கு ஒத்துவராது.

நான் ஆரி வேலை, அதாவது கொக்கி ஊசியால் ரவிக்கையில் பூவேலை, செய்கிறவள். முன்பெல்லாம் டிசைனை பட்டர் பேப்பரில் வரைந்து, கோடு போகிற வழியெல்லாம் ஊசியால் பொத்தல் போட்டு, ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்து மேலே தேய்ப்போம். துணியில் புள்ளி புள்ளியாக இறங்கிவிடும். ஒரே தாளை எத்தனையோ ரவிக்கைக்கு வைத்துக்கொள்ளலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி எங்கள் கடைத்தெருவுக்குள்ளேயே வந்துவிட்டது. சேறு வடிந்த பிறகு தாள்களை எடுத்துப் பார்த்தால், ஈரத்தில் ஒட்டிய அப்பளக்கட்டு மாதிரி இருந்தது. பிரிக்கப் பிரிக்கக் கிழிந்தது. ஆதார், ரேஷன் கார்டையெல்லாம் மனுப் போட்டு மறுபடி வாங்கிவிடலாம். மயில் கழுத்து டிசைனை எந்த அலுவலகத்தில் போய்க் கேட்பது?

அதற்குப் பிறகுதான் பேனாவோடு வருகிற ஆண்ட்ராய்டு டேப்லெட் வாங்கினேன். இப்போது அதிலேயே வரைந்து, அச்செடுத்து, பொத்தல் போடுகிறேன். வரைபடங்கள், தைத்து முடித்த ரவிக்கைகளின் போட்டோக்கள், அளவு நோட்டு, பாக்கிக் கணக்கு எல்லாம் அதற்குள்தான்.

கையில் மட்டும் பேக்கப், அதாவது நகல், வைத்திருந்தால் போதும் என்றும் நான் சொல்லவில்லை. அந்த வெள்ளத்தில் பக்கத்து ஸ்டூடியோக்காரருக்கு நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். கல்யாண ஆல்பமெல்லாம் கம்ப்யூட்டரில் இருந்தது. அதற்கு நகல் இரண்டு ஹார்டு டிஸ்கில் இருந்தது. இரண்டும் அதே மேஜையின் கீழ் டிராயரில் இருந்தன. மூன்றும் ஒன்றாகத்தான் முழுகின. நகல் எடுக்கவில்லை என்று அவரை யாரும் குறை சொல்ல முடியாது. கிளவுடில் வைத்திருந்தவர்களுக்கும் அந்த நாட்களில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. ஆனாலும் சிக்னல் வந்த அன்றைக்கு அவர்களுடையது அப்படியே இருந்தது. அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் கட்டுரை சொல்கிற மாதிரி பேக்கப் சுவிட்சைப் போட்டுவிட்டால் எல்லாம் மேலே கிளவுடுக்குப் போய்விடுமா? போகாது. கூகுளின் பேக்கப்பில் தொடர்பு எண்கள், குறுஞ்செய்திகள், அமைப்புகள், ஆப்களின் விவரம் போகும். ஆண்ட்ராய்டு தானாக எடுத்துவைக்கிற பேக்கப்பில் ஒரு ஆப்புக்கு 25 எம்பி வரைதான் இடம். ஆப் செய்தவர் வேண்டாம் என்று வைத்திருந்தால் அதுவும் கிடையாது. நான் வரைகிற ஆப்பில் அடுக்கு அடுக்காக வரைந்த ஒரு பூமாலை டிசைனே அதைத் தாண்டிவிடும். அப்புறம், டேப்லெட்டை 57 நாள் தொடாமல் விட்டால் அந்த பேக்கப்பே அழிக்கப்படும் என்று கூகுளே சொல்கிறது. ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு உதிரிப் பாகத்துக்குக் காத்திருக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்வது நல்லது. மெமரி கார்டில் இருக்கிறதே என்பவர்களுக்கு: டேப்லெட் தொலைந்தால் கார்டும் அதோடுதான் போகும்.

போட்டோவுக்கு வேறு கதை. கூகுள் போட்டோஸில் ஏற்றிய படத்தை டேப்லெட்டில் அந்த ஆப்பிலேயே அழித்தால் மேலே இருப்பதும் சேர்ந்து அழியும். இதைக் கட்டுரையில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. போன ஆவணியில் ஒரு அம்மாவுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். அவர் மகன் டேப்லெட்டை எடுத்து விளையாடுகிறான் என்று நினைத்தோம். துரை வரிசையாகப் படங்களைத் தேர்ந்தெடுத்து குப்பைத்தொட்டிக்கு அனுப்பியிருக்கிறார். மேலே ஏற்றிய படங்கள் அந்தத் தொட்டியில் 60 நாள் இருக்கும் என்பதால் மீட்டுவிட்டேன். வரைகிற ஆப்பில் அந்தப் பையன் துடைத்த இரண்டு டிசைன்கள் பென் டிரைவில் இருந்ததால்தான் திரும்பக் கிடைத்தன.

இணையச் செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னுடையது வைஃபை மட்டும் உள்ள டேப்லெட். போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்தால் சில நேரம் அதை வீட்டு வைஃபை என்றே நினைத்துக்கொண்டு ஏற்ற ஆரம்பித்துவிடும். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பேக்கில் மத்தியானத்துக்குள் டேட்டா தீர்ந்துவிடும். அந்த வைஃபையின் அமைப்பில் போய், இது அளவுள்ள இணைப்பு (Metered) என்று மாற்றி வைத்தால் அடங்கும். இலவச இடமும் கூகுளில் 15 ஜிபிதான். அதிலேயே மின்னஞ்சல், போட்டோ, வாட்ஸ்அப் பேக்கப் எல்லாம் பங்கு கேட்கும். என் தங்கை மகளின் ஐபேடுக்கு ஆப்பிள் இலவசமாகத் தருகிற கிளவுடு இடம் 5 ஜிபி. அவள் அதைக் கம்ப்யூட்டரில்தான் எடுத்துவைக்கிறாள். அப்படி எடுக்கும்போது என்கிரிப்ட் (கடவுச்சொல் போட்டுப் பூட்டுவது) என்ற கட்டத்தில் டிக் போடாவிட்டால், சேமித்த கடவுச்சொற்கள் அதில் வராது. போட்டால் அந்தக் கடவுச்சொல்லை மறக்கக் கூடாது.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய காரணம் வேறு. என் டேப்லெட்டில் இருப்பது பாதி என்னுடையது இல்லை. எங்கள் ஊர்ப் பெண்களின் மார்பளவு, இடுப்பளவு, பிள்ளை பெற்ற பிறகு எவ்வளவு கூடியது என்பதெல்லாம் பெயரோடு அதில் இருக்கிறது. முதுகில் வேலைப்பாடு தெரிகிற மாதிரி அவர்களே போட்டுக்காட்டி எடுத்த படங்களும் இருக்கின்றன. “அக்கா, எங்கேயும் போட்டுடாதீங்க” என்று சொல்லிவிட்டுத்தான் நிற்பார்கள். கிளவுடில் இருப்பதை எல்லோரும் பார்ப்பார்கள் என்று நான் பயப்படவில்லை. ஆனால் என் கணக்கு என் வீட்டுக்காரர் போனிலும் பையன் லேப்டாப்பிலும் திறந்து கிடக்கிறது. பழைய நினைவுகள் என்று அதுவாகவே ஒரு படத்தை எடுத்து நீட்டுகிறது. அவர்களிடம் கேட்காமல் இன்னொரு இடத்தில் ஏற்ற எனக்கு உரிமை இல்லை. அதனால் அளவும் வாடிக்கையாளர் படமும் மேலே போகாது. என் வரைபடங்கள் மட்டும் போகும். அவற்றையும் அப்படியே ஏற்றாமல், ஆப்பிலிருந்து தனிக் கோப்பாக எடுத்து கூகுள் டிரைவில் போடுகிறேன்.

கிளவுடை மட்டும் நம்புகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பழைய டேப்லெட் போய், புதிதில் கணக்கைத் திறக்கும்போது கடவுச்சொல்லோடு ஓடிபியும் கேட்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு ஆசிரியை ரிட்டயர் ஆகி மகளோடு வெளிநாடு போயிருந்தார். இங்குள்ள எண்ணுக்கு ரீசார்ஜ் போடவில்லை. 90 நாள் பயன்படாமல் கிடக்கிற எண்ணைத் துண்டிக்கலாம் என்பது விதி. திரும்பி வந்தபோது எண் இல்லை. பேரப்பிள்ளையின் படங்கள் எங்கேயோ பத்திரமாக இருக்கின்றன, இவரால் உள்ளே போக முடியவில்லை. கூகுள் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருந்தால், ஓடிபிக்குப் பதிலாகப் போட பத்து பேக்கப் எண்கள் தருவார்கள். அவற்றைத் தாளில் எழுதி பீரோவில் வைத்துக்கொள்ளலாம்.

என் ஏற்பாடு இதுதான். கடவுச்சொல் போட்டுப் பூட்டிய இரண்டு ஹார்டு டிஸ்க். ஒன்று என்னிடம், மற்றது கோவில்பட்டியில் தங்கை வீட்டில். அது கரிசல் காடு, ஆற்றுத் தண்ணீர் ஏறி வராது. நல்லது கெட்டதுக்குப் போகும்போதும், அவள் இங்கே வரும்போதும் இரண்டையும் மாற்றிக்கொள்வோம். மாற்றுவதற்கு முன் ஏதாவது ஒரு டிசைனை டிஸ்கிலிருந்து எடுத்து, டேப்லெட்டில் திறந்து, அச்சும் எடுத்துப் பார்ப்பேன். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை கட்டாயம் மாற்றிவிட வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

உங்கள் கட்டுரையாளருக்கு ஒரு வேண்டுகோள். எடுத்துவைப்பதைப் படம் போட்டு விளக்கினார். அடுத்த முறை, உடைந்துபோன டேப்லெட்டின் பேக்கப்பைப் புதியதில் எப்படித் திரும்ப இறக்குவது, எது வரும், எது வராது என்பதை அதே மாதிரி படிப்படியாகப் போடச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் அதைக் கேட்டு வருகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். கத்தரித்து லேமினேட் செய்து கடையில் மாட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்கடைக்காரி,
ஏரல், தூத்துக்குடி மாவட்டம்.