ஐசிங் சுகரின் கலவையை மாற்றியதை ஏன் சொல்லவில்லை?

அனுப்புநர்:
வீட்டில் கேக் செய்து விற்கும் வாடிக்கையாளர்,
பாளையங்கோட்டை, திருநெல்வேலி.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
ஐசிங் சுகர் தயாரிப்பு நிறுவனம்.

நாள்: 05.01.2026

பொருள்: ஐசிங் சுகரில் கார்ன்ஃப்ளாரின் (மக்காச்சோள ஸ்டார்ச்) அளவு கூடியதாலும், அதைப் பாக்கெட்டில் தெரிவிக்காததாலும் கிறிஸ்துமஸ் கேக்குகள் பாழானது குறித்து.

ஐயா / அம்மா,

டிசம்பர் 15 அன்று பாளை மார்க்கெட்டில் நான் வழக்கமாக வாங்கும் கடையில் உங்கள் ஐசிங் சுகர் ஒரு கிலோ பாக்கெட் ஆறு வாங்கினேன். ஒன்று 110 ரூபாய், மொத்தம் 660. பில்லின் நகலும், பேட்ச் எண் தெரிகிற மாதிரி எடுத்த படங்களும் இணைத்திருக்கிறேன். இரண்டு பாக்கெட்டைப் பிரித்து ஒன்பது கேக்குக்கு ஐசிங் போட்டேன். ஒன்பதும் கெட்டுப்போயின. மீதி நான்கு பாக்கெட் பிரிக்காமல் அப்படியே இருக்கின்றன.

உங்கள் சர்க்கரையை நான் பதினோரு வருடமாக வாங்குகிறேன். இடையில் ஒரு தடவைகூட வேறு கம்பெனிக்குப் போனதில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். புதிதாக வாங்கியவள் என்றால் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கியிருப்பேன்.

நான் செய்வது பெரிய வேலைப்பாடுள்ள கேக் அல்ல. எங்கள் ஆச்சி அலுமினியச் சட்டியில் மணல் பரப்பி, மூடியின் மேல் தணல் கொட்டிக் கேக் வேகவைத்தவர். நான் ஓவனில் வைக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். அக்டோபரிலேயே பழங்களை ஊறப்போட்டு, டிசம்பர் முதல் வாரத்தில் பிளம் கேக் போட்டுவிடுவேன். பிறகு மேலே ஜாம் தடவி, அரைத்த முந்திரியும் சர்க்கரையும் பிசைந்த மாவை மெல்லிசாகத் தேய்த்துப் போர்த்தி, ஒரு நாள் முழுக்க ஆறவிடுவேன். பாதாம் விற்கிற விலைக்கு எங்கள் பக்கத்தில் முந்திரிதான். இந்தப் போர்வை இல்லாவிட்டால் கேக்கில் உள்ள எண்ணெயும் பழச்சாறும் ஏறி வெள்ளை ஐசிங் மஞ்சளடித்துவிடும். அதற்கு மேல்தான் முட்டை வெள்ளையும் ஐசிங் சுகரும் எலுமிச்சைச் சாறும் அடித்த ராயல் ஐசிங். ஒரு முட்டை வெள்ளைக்கு கால் கிலோ சர்க்கரை. கரண்டியைத் தூக்கினால் ஐசிங் கூம்பாக நிமிர்ந்து நிற்க வேண்டும், நுனி மட்டும் லேசாக மடங்கலாம். இந்தப் பதம் எனக்குக் கைப்பழக்கம். தராசில் போட்ட அளவும் சரி, கையில் தெரிகிற கனமும் சரி, பதினோரு வருடமாக மாறவில்லை.

டிசைனும் எளிமையானதுதான். பட்டர் பேப்பரைக் கோன் மாதிரி சுருட்டி, நுனியை ஊசி அளவு வெட்டிவிட்டால், ஐசிங் பிழிகிற நாசில் முனைகூட வேண்டாம். கோன் நுனியைக் கேக்கில் உரசாமல் அரை அங்குலம் மேலே பிடித்து, ஐசிங் நூலைத் தானாக விழவிட்டால் கோடு நேராக வரும். உரசினால் கோடு நடுங்கும். புள்ளி வைக்கும்போது அழுத்தி, அழுத்தத்தை நிறுத்திய பிறகுதான் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் வால் நீளும். இவ்வளவு தெரிந்தால் நட்சத்திரம், மணி, பனித்துளி எல்லாம் போட்டுவிடலாம். கிறிஸ்துமஸ் வாழ்த்துப் படங்களில் வருகிற ஹாலி செடியின் இலையை நான் நேரில் பார்த்ததில்லை. அதனால் அந்த இடத்தில் பனையோலை போடுகிறேன், ஒரே புள்ளியிலிருந்து விசிறி மாதிரி ஏழு கோடு. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதைப் பார்த்ததும் மனசு குளிர்ந்துவிடும்.

எல்லாவற்றையும் விட அதிகம் பேர் கேட்பது ஊசிக்கோபுரம். பாளையங்கோட்டைத் தூய திரித்துவ ஆலயத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். 1826-இல் கட்டிய ஆலயம். அதற்கு 200 ஆண்டு நிறையப்போகிறது என்பதால் இந்த கிறிஸ்துமஸுக்குப் பதினான்கு ஆர்டரில் பதினொன்று கோபுரக் கேக். இரண்டு நீளக் கோடு மேலே போகப் போக நெருங்கி ஒன்றாகச் சேரும், உச்சியில் சிலுவை, நடுவில் ஜன்னலுக்குச் சின்னச் சின்னப் புள்ளிகள். பத்து நிமிட வேலை. ஆனால் அந்த இரண்டு கோடும் ஒரே இழுப்பில் வர வேண்டும், வந்தது அப்படியே நிற்க வேண்டும்.

டிசம்பர் 20 சனிக்கிழமை காலையில் அடித்தேன். முட்டை அடிக்கிற பீட்டர் இருபது நிமிடம் ஓடியும் கூம்பு நிற்கவில்லை. முட்டை பெரிதாக இருக்கும் என்று நினைத்து இன்னும் ஐம்பது கிராம் சர்க்கரை சேர்த்தேன். கெட்டியானது, ஆனால் அது வேறு மாதிரிக் கெட்டி. மாவு பிசைந்த மாதிரி இருந்தது, பளபளப்பே இல்லை. இரண்டு முறை சலித்தும் கட்டி தட்டி கோன் நுனி அடைத்துக்கொண்டே இருந்தது. போட்ட கோடு ஐந்து நிமிடத்தில் அகன்று, கோபுரத்தின் இரண்டு பக்கமும் மேலே சேருவதற்குப் பதிலாகப் பாதியிலேயே ஒட்டிக்கொண்டது. சரி, காய்ந்தால் இறுகிவிடும் என்று ஒன்பது கேக்கையும் முடித்துவைத்தேன். காலையில் பார்த்தால் மேலே பொடிப்பொடியாக வெடித்திருந்தது. விரலால் தொட்டால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டியது. வாயில் போட்டால் நாக்கில் பச்சை மாவு.

ஆறு கேக்கில் ஐசிங்கைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். மூன்று அதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிட்டன, ஞாயிறு ஆராதனைக்குப் போகும் வழியில் என் வீட்டுக்காரர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அதில் ஒன்று எனக்கு ஆறாம் வகுப்பில் பாடம் எடுத்த டீச்சர் வீட்டுக்கு. அவர்கள் மகன் குடும்பத்தோடு வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறார், பேரப்பிள்ளைகள் கோபுரத்தை முதல் தடவை பார்க்கிறார்கள் என்பதற்காகவே கேட்டு வாங்கினார்கள். பெட்டியைத் திறந்தபோது கோபுரம் இரண்டாக உடைந்து, சிலுவை தனியாகப் பெட்டி ஓரத்தில் கிடந்திருக்கிறது. டீச்சர் போனில், "பரவாயில்ல பிள்ள, ருசி நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். திட்டியிருந்தால்கூட நான் இவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டேன். மூன்று பேருக்கும் 900 ரூபாய் வீதம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். டீச்சர் வாங்க மறுத்தார்கள், பேத்தி கையில் திணித்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் பேசினேன். மழைக்காலத்தில் காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும், அதனால் ஐசிங் இறுகாது, இது எங்கள் பொருளின் குறை இல்லை என்று சொன்னார்கள். வேண்டுமானால் அடுத்த முறை வாங்க 100 ரூபாய் கூப்பன் தருவதாகவும் சொன்னார்கள். கூப்பன் வேண்டாம் என்றேன்.

டிசம்பர் ஈரம் எனக்குப் புதிது இல்லை. வடகிழக்குப் பருவமழை இல்லாத கிறிஸ்துமஸ் எங்கள் பக்கத்தில் ஏது? 2023-இல் டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களே வெள்ளத்தில் மிதந்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை. தாமிரபரணி கரை மீறி ஓடியது. எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. அந்த வாரமும் நான் உங்கள் சர்க்கரையில்தான், கையால் அடித்து, ஐசிங் போட்டேன். ஒரு நாளில் காய வேண்டியது இரண்டு நாளில் காய்ந்தது. ஆனால் நின்றது. ஒரு கோடுகூட விழவில்லை.

போனை வைத்த பிறகு அன்றைக்கே வீட்டுச் சர்க்கரையை மிக்ஸியில் நைசாகப் பொடித்து, மல் துணியில் சலித்து, அதே தட்டு முட்டையில் அதே அறையில் அடித்தேன். பத்து நிமிடத்தில் கூம்பு நின்றது. சுரண்டிய ஆறு கேக்குக்கும், மீதி ஐந்துக்கும் அதைத்தான் போட்டேன். மிக்ஸிப் பொடியில் லேசாக நறநறப்பு இருக்கும், அதற்காகத்தான் கடையில் வாங்குகிறோம். இருந்தாலும் கோடு நேராக வந்தது. முட்டையிலும் ஈரத்திலும் குறை இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

அதோடு விடவில்லை. ஈஸ்டருக்கு வாங்கிய உங்கள் பழைய பாக்கெட்டில் கொஞ்சம் டப்பாவில் மீதி இருந்தது. மூன்று கண்ணாடி பாட்டிலில் ஒவ்வொரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, ஒன்றில் பழைய பாக்கெட் சர்க்கரை, ஒன்றில் புதியது, ஒன்றில் மிக்ஸிப் பொடி என்று நூறு நூறு கிராம் கரைத்து ராத்திரி முழுக்க வைத்தேன். சர்க்கரை கரைந்துவிடும், கார்ன்ஃப்ளார் பச்சைத் தண்ணீரில் கரையாமல் அடியில் தங்கும். காலையில் மிக்ஸிப் பொடி பாட்டில் தெளிந்த நீராக இருந்தது. பழைய பாக்கெட்டில் அடியில் வெள்ளைக் கீறல் மாதிரி ஒரு படலம். புதியதில் அரை விரல் கனத்துக்கு மாவு. மூன்று மடங்குக்குக் குறையாது. படம் இணைத்திருக்கிறேன். பிறகு மூன்றிலிருந்தும் இரண்டிரண்டு கரண்டிப் பொடியைத் தனித்தனியாகக் கொஞ்சம் தண்ணீரில் கலக்கிக் காய்ச்சினேன். புதியது மட்டும் கஞ்சி மாதிரிக் கட்டியது. இது ஆய்வகச் சோதனை இல்லை என்று எனக்கே தெரியும். உங்களிடம் ஆய்வகம் இருக்கும், அந்த பேட்சைச் சோதித்து எனக்குச் சொல்லுங்கள்.

ஐசிங் சுகரில் கொஞ்சம் கார்ன்ஃப்ளார் இருக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் பாக்கெட்டிலேயே கல்லாகிவிடும். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ராயல் ஐசிங் இறுகுவது, கரைந்த சர்க்கரை தண்ணீர் வற்றும்போது மறுபடி உறைவதால். கரையாத மாவு இடையில் புகுந்தால் அந்தப் பிடிப்பு தளரும். கேக் மேல் தூவுவதற்கோ பட்டர் க்ரீமுக்கோ வாங்குகிறவர்களுக்கு ஒருவேளை இந்தப் புதிய கலவை ஒத்துவரலாம். எனக்கு ஒத்துவராது. அதை வாங்கும் முன்பே நான் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

பழைய பாக்கெட்டின் பின்னால் "சர்க்கரை, மக்காச்சோள ஸ்டார்ச் (3%)" என்று இருக்கிறது. புதியதில் "சர்க்கரை, மக்காச்சோள ஸ்டார்ச்" என்று மட்டும் இருக்கிறது. அந்த 3% எங்கே போனது? முன்பக்கத்தில் அதே நீலக் கட்டம், அதே வெள்ளைக் கேக் படம், அதே எழுத்து. பதினோரு வருடமாக வாங்குகிற நான் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கியது உங்கள் மேல் வைத்த நம்பிக்கையால். கலவை மாறிவிட்டது என்று முன்பக்கத்தில் ஒரு வரி இருந்திருந்தால் நான் முதலில் ஒரு கப் அடித்துப் பார்த்திருப்பேன்.

நானும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துதான் விற்கிறேன். என் கேக் பெட்டியில் முட்டை இருக்கிறது என்று எழுதி, அசைவத்துக்கான பழுப்பு நிற முக்கோணக் குறியும் ஒட்டுகிறேன். முந்திரி இருக்கிறது என்றும் எழுதுகிறேன், ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள் என்பதால். ஒரு வருடம் பேரீச்சம்பழம் குறைத்து உலர்திராட்சை கூட்டினேன். அதைக்கூட வாங்குகிறவர்களிடம் ஒவ்வொருவராகச் சொன்னேன். பதினான்கு கேக் விற்கிற என்னால் முடிவது உங்களால் முடியாதா?

நான் கேட்பது இதுதான். அந்த பேட்சில் ஸ்டார்ச் எத்தனை சதவீதம் என்று எழுத்தில் தெரிவியுங்கள். இனி வருகிற பாக்கெட்டில் அந்தச் சதவீதத்தை மறுபடி அச்சிடுங்கள், கலவை மாறியதை முன்பக்கத்தில் சொல்லுங்கள். எனக்கு இதுதான் முக்கியம். அப்புறம் சர்க்கரைக்குக் கொடுத்த 660 ரூபாயும், மூன்று கேக்குக்குத் திருப்பிக் கொடுத்த 2,700 ரூபாயும் சேர்த்து 3,360 ரூபாய் தர வேண்டும். வீணான முட்டைக்கும், இரண்டு ராத்திரி விழித்ததற்கும் நான் கணக்குப் போடவில்லை.

முப்பது நாளில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நீ விற்பனைக்காக வாங்கினாய், நீ நுகர்வோர் இல்லை என்று சொல்ல வேண்டாம். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்குபவரும் நுகர்வோர்தான் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. இருந்தாலும் அங்கே போகாமல் நீங்களே முடித்துவைப்பீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

பிரிக்காத நான்கு பாக்கெட்டும், பழைய பாக்கெட்டின் உறையும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. சோதிக்க ஆள் அனுப்பினால் இரண்டைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பேன், இரண்டை நான் வைத்துக்கொள்வேன். ஏப்ரல் 5 ஈஸ்டர். மார்ச் கடைசியில் நான் சர்க்கரை வாங்க வேண்டும். அதற்கு முன்னால் உங்கள் பதில் வந்தால் எந்தப் பாக்கெட்டை எடுப்பது என்று முடிவு செய்ய எனக்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் பதினோரு வருட வாடிக்கையாளர்,
பாளையங்கோட்டை.

இணைப்பு: பில் நகல், பழைய மற்றும் புதிய பாக்கெட்டுகளின் படங்கள், மூன்று பாட்டில்களின் படம், உடைந்த கோபுரக் கேக்கின் படம்.